வெயில் கிரீம் வாங்கும் முன்பு



கிங்ஸ் சர்க்கிள் நம் எல்லோருக்கும் தெரிந்த இடம். நடுவில் வட்டமாக மகேஸ்வரி பூங்கா. சுற்றிலும் கடைகள். கொஞ்ச தூரத்தில் மாட்டுங்கா பூக்கடைகள். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம் மக்கள் தினமும் இங்கே வந்து போகிறார்கள்.

இங்கே தெருவோரம் பூ விற்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். காலை முதல் மாலை வரை வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது பிள்ளை பிறந்த சமயம் அவர் கன்னத்தில் பழுப்பு நிறத்தில் படை படர்ந்தது. இதைத்தான் மங்கு என்கிறோம். பார்த்தவர்கள் எல்லாம் "என்ன இது?" என்று கேட்டார்கள். அக்காவின் மனம் வாடியது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டியூபைக் கொடுத்தாள். "இதைப் பூசிப் பாருங்க அக்கா. வெயிலுக்கும் நல்லது. சீக்கிரம் முகம் வெளுத்திடும்" என்றாள்.

அக்கா பூசினார். முகம் வெளுத்தது. ஆனால் மூன்று மாதத்தில் என்ன ஆயிற்று? முகம் சிவந்தது. பரு கிளம்பியது. கன்னத்தில் முடி முளைத்தது. கிரீமை நிறுத்தினால் எரிச்சல் கூடியது. வெயிலில் உட்காரவே முடியவில்லை. வியாபாரம் நின்றுபோனது.

அது வெயில் கிரீம் அல்ல. ஸ்டீராய்டு கலந்த மருந்து. சில தோல் நோய்களுக்கு டாக்டர் அதைக் கொஞ்ச நாள் மட்டும் கொடுப்பார். அழகு கிரீம் போலப் பூசக் கூடாது. 2018ஆம் ஆண்டு அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. பீட்டாமெத்தசோன், குளோபீட்டாசோல், மொமெட்டாசோன் என்ற பெயர்கள் டியூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு.

சரி, உண்மையான வெயில் கிரீம் எது? அதற்குச் சன்ஸ்கிரீன் என்று பெயர். அது முகத்தை வெளுக்க வைக்காது. வெயிலைத் தடுக்கும். குடை செய்யும் வேலையைத் தோலின் மேல் செய்யும்.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றில் இரண்டு வகை நம் தோலைத் தொடுகின்றன. ஒன்று தோலைச் சுடும். இன்னொன்று ஆழமாகப் போகும். அது தோலைச் சுருங்க வைக்கும். மங்கையும் கூட்டும். மேகம் மூடிய நாளிலும் இவை வரும். இரண்டாவது வகை கண்ணாடி ஜன்னல் வழியாகவும் வரும்.

நம் கறுப்பு நிறம் குறை அல்ல. அது இயற்கை கொடுத்த குடை. தோல் எரிந்து போகாமல் அது ஓரளவு காக்கிறது. ஆனால் மங்கு வராமல் தடுக்க அது மட்டும் போதாது.

கடையில் டியூபை வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்.

முதலாவது, எஸ்.பி.எஃப். என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். சுடும் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதை அந்த எண் காட்டும். 100 பங்கு கதிர் வந்தால் எண் 15 உள்ளது சுமார் 7 பங்கை உள்ளே விடும். எண் 30 உள்ளது 3 பங்கை விடும். எண் 50 உள்ளது 2 பங்கை விடும். ஆகவே 30 இருந்தால் நம்மில் பலருக்குப் போதும்.

இரண்டாவது, பி.ஏ. என்ற எழுத்தும் கூட்டல் குறிகளும். இது ஆழமாகப் போகும் கதிருக்கான அளவு. மூன்று கூட்டல் குறி இருந்தால் நல்லது.

மூன்றாவது, காலாவதி தேதி. தேதி தாண்டியதை வாங்காதீர்கள்.

நான்காவது, செய்த கம்பெனியின் பெயரும் தயாரிப்பு உரிம எண்ணும். இவை இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். சில வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி அவரவர் தோலுக்கும் வேலைக்கும் ஏற்றது எது? எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் நல்லது. வறண்ட முகத்துக்குக் கிரீம் நல்லது. வியர்வை கொட்டும் வேலை என்றால், தண்ணீரில் சீக்கிரம் கரையாத வகையைக் கேளுங்கள். மங்கு இருந்தால், தோல் நிறச் சாயம் சேர்ந்த வகை கூடுதலாக உதவும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிரீம் வேண்டாம். நிழல்தான் வேண்டும்.

வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசுங்கள். இரண்டு விரல் நீளம் எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெயிலிலேயே இருப்பவர்கள் இரண்டு மணிக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும்.

"இப்படிப் பூசினால் டியூப் ஒரு மாதம்கூட வராதே! பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காசு இல்லாதவருக்கும் வழி உண்டு. உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று பொருள். அப்போது குடை பிடியுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். முந்தானையால் தலையையும் கன்னத்தையும் மூடுங்கள். மாட்டுங்கா மேம்பாலத்தின் கீழே 2016இல் திறந்த பூங்காவில் நிழல் இருக்கிறது. துணியும் நிழலும்தான் முதல் கவசம். கிரீம் இரண்டாவது கவசம்.

மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசலாம். ஆனால் வெயிலைத் தடுக்க அவற்றை நம்ப முடியாது.

அந்த அக்கா சயன் மருத்துவமனைக்குப் போனார். அது மாநகராட்சி மருத்துவமனை. தோல் பிரிவு டாக்டர் சொன்னபடி நடந்தார். முகம் ஆறப் பல மாதம் ஆயிற்று. மங்கு முழுதாகப் போகவில்லை. மங்கிப் போயிருக்கிறது. கடையில் பெரிய குடை கட்டிவிட்டார்.

ஒரு நாள் மெடிக்கல் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு கிரீமை நீட்டி, "இதுதான் நல்லா போகுது" என்றார். அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். எண்ணைத் தேடினார். தேதியைத் தேடினார். இரண்டும் இல்லை.

"இது வேண்டாம் அண்ணே. 30 போட்டது எடுங்க" என்றார்.

பின்பக்கத்தைப் படித்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தார். நாமும் அப்படியே செய்வோம்.