இரும்புக்கு ஓர் உவமை



வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியாக உவமை தோன்றும் என்று வகுத்தவர் தொல்காப்பியர். எந்த உவமையும் பொருளின் எல்லாப் பண்புகளையும் எடுத்துக்கொள்வதில்லை. வேண்டியதைக் கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. கணிப்பொறிக்குள் ஒரு காரை எழுப்பும் பொறியாளரின் தொழிலும் இதுவே.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் உள்ளது ஒரகடம். 2010-இல் ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது அங்கேதான். வாகனங்களை மோதவிட்டு ஆராயும் மைய அரசின் கூடமும் அங்கு உண்டு. ஒரு மோதல் ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடியில் முடிந்துவிடும். அதற்காகக் காரின் உடல் கணிப்பொறியில் இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. 1960-இல் ரே கிளஃப் 'ஃபைனைட் எலிமெண்ட்' என்று பெயரிட்ட முறை இது. ஒவ்வொரு கட்டத்தின் நிறையும் விறைப்பும் எண்களாகத் தரப்படுகின்றன. நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை, எது எங்கே நகர்ந்தது என்று கணக்கிடப்படுகிறது.

இதில் விடுபடுவது எது? அச்சில் அழுத்தப்படும் தகடு மூலைகளில் மெலிகிறது. மெலியும் இடத்திலேயே இறுகவும் செய்கிறது. வரைபடத்தில் உள்ள கனத்தையே மாதிரிக்கும் கொடுத்துவிட்டால், கணிப்பொறியில் ஓரிடத்தில் மடியும் தூண் மெய்யான காரில் வேறோரிடத்தில் மடியக்கூடும். விட்டதைத் தடைச்சுவர் காட்டிக்கொடுத்துவிடும். (கவிஞர்களுக்கு அப்படியொரு சுவர் இல்லாதது அவர்களின் நற்பேறு!) 2017 அக்டோபர் முதல் இந்தியாவில் புதிய கார் வகைகளுக்குக் கட்டாயமான முன்மோதல் சோதனையின் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் தர மதிப்பீட்டிலோ அது 64.

காருக்குள் அமர்த்தப்படும் பொம்மையும் ஓர் உவமையே. யாருக்கு உவமை? முன்மோதல் சோதனைகளில் பரவலாக அமரும் 'ஹைப்ரிட் 3' பொம்மை 1976-இல் அமெரிக்காவில் உருவானது. சராசரி அமெரிக்க ஆணின் அளவு, ஏறத்தாழ 78 கிலோ எடை. பெண் பொம்மை பின்னர் வந்தது. அதுவும் சராசரிப் பெண்ணைக் குறிப்பதன்று. அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஐவரே அதனினும் சிறியர்.

2000-இல் டொயோட்டா நிறுவனம் எலும்புகளைக் கொண்ட கணிப்பொறி மனித உடலை உருவாக்கியது. உலோகப் பொம்மையைப் புதிதாக வார்ப்பதினும் இவ்வகை உடலின் அளவை மாற்றுவது எளிது. ஸ்ரீபெரும்புதூரின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் பேருந்துகளில் வந்து செல்லும் பல்லாயிரம் இளம்பெண்களின் உயரமும் எடையும் முறையாக அளந்தெடுக்கப்பட்டால், நாளை அவர்கள் ஏறும் காருக்குள் அவர்கள் அளவிலேயே ஓர் உடலை இன்றே அமர்த்திப் பார்க்க இயலும்.