தவறணையின் ஆண்டுக் கணக்கு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



ஆண்டு முடியும்போது கணக்குப் பார்ப்பது எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது. கடைக்காரர் இருப்பைக் கணக்கெடுப்பார். கமக்காரர் வெறுங்களத்தைப் பார்த்துக்கொண்டு வட்டியைக் கணக்கெடுப்பார். அண்மைக் காலத்தில் இந்த வரிசையில் ஒரு புதிய தொழிலும் சேர்ந்திருக்கிறது. தாமே பியர் வடித்து, வடித்த இடத்திலேயே விற்கும் சிறிய மதுச்சாலைகளைத்தான் சொல்கிறேன். புனே நகரில் 2009ஆம் ஆண்டிலும், பெங்களூரில் அதற்குச் சற்றுப் பின்னரும் இவை தலைகாட்டத் தொடங்கின. இன்று பெங்களூருக்கு இவை ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டன. இவற்றின் உரிமையாளர்கள் ஆண்டு முடிவில் திரும்பிப் பார்க்கிறார்கள். எந்த வடிப்பு நன்றாகப் போனது, எது புளித்தது, அடுத்த ஆண்டு எந்தத் தானியத்தைச் சேர்க்கலாம் என்று பேசுகிறார்கள். கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது.

வவுனியாவிலே, நெளுக்குளத்தில் இருந்துகொண்டு இதை யோசித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அன்றன்று உண்டாகும் மதுவை அன்றன்றே அவ்வூர் மனிதருக்கு விற்கும் சிறிய சாலை நம்மிடம் இல்லையா? இருக்கிறது. அதற்குக் கள்ளுத் தவறணை என்று பெயர். போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல் அது. அந்தத் தவறணை ஆண்டு முடிவில் திரும்பிப் பார்த்தால் என்ன சொல்லும்? அதைத்தான் இன்று உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். தானியத்தில் மது வடிக்கும் கலை மேற்கிலிருந்து நமக்கு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, பின்பு வடித்தெடுக்கும் முறையை உருத்திரங்கண்ணனார் அதில் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். முளைவிட்ட தானியம் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும், அந்தச் சர்க்கரையை மதுவம் அற்ககோலாக்கும் என்பது இன்றைய விஞ்ஞானம். வாற்கோதுமைக்குப் பதில் நெல் என்பதைத் தவிர, பெங்களூர் மதுச்சாலையின் செப்புக் கலத்தில் நடப்பதற்கும் அந்தச் சாடியில் நடந்ததற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

ஆனால் கள்ளின் கதை வேறு. பியர் வடிப்பவர் தானியத்தை மூட்டையில் வைத்திருப்பார். தமக்கு வசதியான நாளில் உலை ஏற்றுவார். வடித்ததைக் குளிரூட்டி வாரக்கணக்கில் வைத்திருப்பார். கள்ளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவம் அதில் புகுந்துவிடுகிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீர்; காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் சில மணி நேரத்தில் கள். அதன் வெறியம் பொதுவாக 4 முதல் 6 வீதம், சாதாரண பியரின் அளவுதான். அடுத்த நாள் அது புளித்துக் கடுக்கும். அதற்கும் அப்பால் விட்டால் வினாகிரி. ஆகவே தவறணைக்கு நேற்றைய சரக்கு என்று ஒன்று இல்லை. காலையில் வந்தது இரவுக்குள் போகவேண்டும். போகாவிட்டால் நட்டம்.

இதை வைத்துக்கொண்டு ஆண்டைப் பாருங்கள். மதுவரிச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். ஆகவே, அரசாங்கத்தின் கணக்கில் தவறணையின் ஆண்டு ஜனவரியில் பிறந்து டிசம்பரில் முடிகிறது. பனையின் கணக்கும் ஏறத்தாழ அதுதான். மார்கழி மழை ஓய்ந்து தை பிறக்கும்போது பாளை வெளிவரும். அதைக் கட்டி, தட்டி, நசுக்கி, நாட்கணக்கில் பக்குவப்படுத்தினால்தான் சாறு இறங்கும். இறங்கத் தொடங்கிய பிறகு ஒரு நாளும் விடமுடியாது. காலையும் மாலையும் ஏறி மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். இரண்டு நாள் விட்டால் பாளை காய்ந்து போகும். எனவே சீவல் தொழிலாளிக்கு நல்லநாள் பெருநாள் கிடையாது, காய்ச்சலென்று படுக்கவும் முடியாது. சித்திரை, வைகாசியில் தவறணை நிறைந்து வழியும். ஆடி கழிந்து பனம்பழம் விழத் தொடங்கினால் பனங்கள் குறைந்துவிடும். பிறகு மாரி முழுவதும் தென்னங்கள்தான் கைகொடுக்கும். மழையில் நனைந்த மரத்தில் ஏறுவது என்றால் என்ன என்பதை ஏறியவர்தான் சொல்லவேண்டும்.

இந்த வழியில் தவறணைக்கு வருகின்ற ஒரு வயோதிபரோடு கதைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நாற்பது வருடம் சீவல் தொழில் செய்தவர். மார்பிலும் முழங்காலிலும் மரம் எழுதிய தழும்புகள். "அண்ணை, இந்த வருசம் எப்படி?" என்று கேட்டேன்.

"கள்ளுக்குக் குறைவில்லைத் தம்பி. ஏறத்தான் ஆளில்லை" என்றார்.

"மகன்மார்?"

"ஒருத்தன் ஓட்டோ ஓடுறான். மற்றவன் படிச்சுப்போட்டுக் கந்தோரிலை. ரெண்டுபேருக்கும் தளநாரைத் தொட நான் விடேல்லை." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "மரத்தாலை விழுந்தாலும் எழும்பலாம். 'நீ ஆற்றை மோன்' எண்டு கேக்கிற கேள்விக்கு எழும்பேலாது."

நேயர்களே, தவறணையின் ஆண்டுக் கணக்கில் எழுதப்படாத முதலாவது வரி இதுதான். இத்தனை போத்தல் வந்தது, இத்தனை விற்றது என்று கணக்குப் புத்தகம் சொல்லும். ஏறியவனை ஊர் எப்படி அழைத்தது என்று சொல்லாது. கே. டானியல் ஒடுக்கப்பட்ட ஐந்து சாதியினரின் வாழ்வைத் தம் நாவல்களில் எழுதினார். மரமேறும் மக்களும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் இறக்கிய கள்ளைப் பருகியவர்களே அவர்களைத் தம் படலைக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பது நம் சமூகத்தின் மறைக்கமுடியாத வரலாறு. பெங்களூரில் பியர் வடிப்பவர் தலைமை வடிப்பாளர் என்று மரியாதையாக அழைக்கப்படுகிறார். பத்திரிகைகள் அவரைப் பேட்டி காண்கின்றன. அதே அளவு நுட்பம் தெரிந்த, அதைவிடப் பன்மடங்கு ஆபத்தைச் சுமக்கும் நம் மனிதரை நாம் ஒருமையில் அழைத்தோம்.

1970களின் தொடக்கத்தில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த நிலையைக் கொஞ்சம் மாற்றின என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். தொழிலாளி அங்கத்தவரானார். கள்ளைச் சங்கம் வாங்கியது. விலையில் ஒரு பகுதி சேமிப்பாக நின்றது. விற்காமல் மிஞ்சும் கள்ளு வீணாகாமல் வடமராட்சியின் திக்கம் வடிசாலை போன்ற இடங்களுக்குப் போய்ச் சாராயமாக வழி பிறந்தது. நாளைக்கு நிற்காத பண்டத்துக்கு நாளை ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தது கூட்டுறவுதான். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது.

எழுதப்படாத இரண்டாவது வரியையும் ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். தவறணையின் இலாபம் சில வீடுகளின் நட்டம். மாலையில் பிளாவோடு உட்கார்ந்தவர் இரவில் வெறுங்கையோடு வீடு போனால், அந்தக் கணக்கை அடுப்பங்கரையில் ஒரு பெண் முடிக்கிறாள். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தோடு தவறணைகள் பெருகியபோது, அதை எதிர்த்த மதுவிலக்கு இயக்கம் இந்நாட்டின் அரசியல் விழிப்புக்கே ஒரு படியாக அமைந்தது. தமிழகத்தில் பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டினார். இவர்கள் கண்ட துயரம் பொய்யல்ல.

ஆயினும் தடை ஒன்றே மருந்தாகுமா? தமிழகத்தில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. ஆனால் அங்கே அரசாங்கக் கடையில் பிராந்தி விற்கிறது. குடி நிற்கவில்லை. நின்றது மரமேறியின் பிழைப்பு. இங்கும் தவறணை மூடப்படும் ஊரில் கசிப்பு வாசல் திறக்கும் என்பதை அறியாதவர் யார்? ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டில் அதியமானின் பெருமையாகச் சொல்லப்படுவது அவன் எவ்வளவு குடித்தான் என்பதல்ல, குறைவாக இருந்தபோது தான் விட்டுக்கொடுத்தான் என்பதே. அளவும் பகிர்வும்தான் அங்கே கள்ளுக்கு இடப்பட்ட வேலி. அந்த வேலி உடைந்த இடத்தில்தான் வள்ளுவர் கடுமையாகப் பேசுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்குச் சரிவரும்.

மூன்றாவது வரி மரத்தைப் பற்றியது. போர்க்காலத்தில் காவலரண்களுக்கென்று வன்னியிலும் குடாநாட்டிலும் தறிக்கப்பட்ட பனைகள் ஏராளம். 2009இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் எல்லாம் இழந்து வவுனியாவின் முகாம்களுக்கு வந்தார்கள். நெளுக்குளத்துப் பள்ளிக்கூடமும் அப்போது முகாமானது. அவர்கள் திரும்பிப் போன காணிகளில் விழுந்த பனங்கொட்டைகள் முளைத்து வடலியாகின. பனை பூக்க 12 முதல் 20 வருடம் வரை பிடிக்கும். பூத்த பிறகுதான் அது ஆணா பெண்ணா என்பதே தெரியும். அப்படியானால் போர் முடிந்த பிறகு முளைத்த முதலாவது தலைமுறைப் பனைகள் இப்போதுதான் பாளை தள்ளத் தொடங்கியிருக்கின்றன. மரம் ஆயத்தமாகிவிட்டது, நேயர்களே. ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை.

இதைக் கேட்டு, "ஐயோ, பாரம்பரியத் தொழில் அழிகிறதே" என்று கண்ணீர் விடுவது சுலபம். நான் அந்தக் கண்ணீரைச் சந்தேகிக்கிறேன். தன் பிள்ளை ஏறவேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், மற்றவர் பிள்ளை ஏறவேண்டும் என்று விரும்புவதில் நீதி இல்லை. அந்த வயோதிபர் தளநாரைத் தம் மக்களின் காலில் மாட்டாமல் விட்டது அவரது வாழ்வின் பெரிய வெற்றி. அதை நாம் இழப்பு என்று எழுதக்கூடாது.

ஆனால் வேறு ஒன்றைக் கேட்கலாம். ஏணியும் இடுப்புப் பட்டியும் விபத்துக் காப்புறுதியும் கொடுத்து, பருவமில்லாத மாதங்களுக்கு உதவிப்பணம் வைத்து, சாதியின் பெயரைத் தொழிலின் மேலிருந்து கழற்றிவிட்டால், யாருடைய பிள்ளையும் விரும்பினால் கற்கக்கூடிய கைத்திறனாக இது மாறாதா? பெங்களூரில் படித்த பிள்ளைகள் தேடிப்போய்க் கற்கிற வேலை ஒன்று, நெளுக்குளத்தில் பிறப்பால் விதிக்கப்பட்ட தண்டனையாக இருப்பதற்குப் பனையா காரணம்?

விடைபெறும்போது அந்தப் பெரியவரிடம், "அண்ணை, வாற வருசம்?" என்று கேட்டேன். குளக்கட்டில் நின்ற இளம் பனையொன்றைக் காட்டினார். அந்த ஆண்டுதான் அது முதன்முதலாகப் பாளை தள்ளியிருந்தது.

"ஆண்பனை. நல்ல பனை" என்றார். "நான் நட்டதுதான். நான் ஏறமாட்டன்."

அடுத்த ஆண்டுக் கணக்கின் முதல் வரியை யார் எழுதப்போகிறார்கள் என்பதை நீங்களும் யோசித்துப் பாருங்கள், நேயர்களே.