கைரேகையும் பென்ஷனும்

(பேத்துப்பாறைச் சொற்பொழிவின் சாரம்)



கைரேகை பார்த்து ஆயுள் சொல்லுகிறவன் புரட்டன் என்று நெடுநாளாய்ச் சொல்லி வருகிறோம். இன்றோ பென்ஷன் கொண்டுவரும் பாங்கி ஏஜண்டின் இயந்திரமும் ரேகை பார்க்கிறது. பார்த்து, “இவர் அவரல்லர்” என்கிறது. இம்மலையில் மண்வெட்டி பிடித்தே விரல் தேய்ந்த கிழவருக்கும், விரலிழந்த மாற்றுத்திறனாளிக்கும் பணமில்லையென்றால், உழைத்ததா குற்றம் என்று கேட்கிறோம்.

1962இல் மாதம் 20 ரூபாயாய்த் துவங்கி, 2023இல் 1,200 ஆன முதியோர் பென்ஷன் தருமமல்ல, உரிமை. ரேகை பொருந்தாமையால் உரியவருக்கு உதவி மறுக்கலாகாதென்பதே 2018 ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் கருத்து.

ஆதலால், “தலையெழுத்து” என்று வீடு திரும்பாதீர்கள். கருவிழியையோ வேறு அத்தாட்சியையோ பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை; நம்முடையதையே கேட்கிறோம்.