வீழ்ந்தோர் எழுந்து நடத்தல்

(சங்கரன்கோவிலில் நம் சங்க மண்டபத்தில் நிகழ்ந்த திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் பேசுமாறு எம்மைப் பணித்தபொழுது, செயலாளரவர்கள் இலக்கியப் பொருளொன்றையே எம்மிடம் எதிர்பார்த்தார்கள். தமிழாசிரியன் ஒருவன் மருத்துவத்தைப் பற்றிப் பேசப் புகுவது, தறியில் அமர்ந்தறியாதவன் நெசவுக்கு நயம் கூறப் புகுந்ததுபோலும் என்று நீவிர் நகைத்தலும் கூடும். நகைப்பினும் பொறுத்தருள்க. எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு பிழையைக் கூறவே யாம் வந்துள்ளோம். அப்பிழை எம்முடையது. நம்மவர் இல்லங்கள் பலவற்றில் அதே பிழை அன்பென்னும் பெயரால் நிகழ்ந்து வருவதைக் கண்ட பின்னர், வாய்மூடி இருத்தல் தகாதெனக் கருதினோம்.

சென்ற மார்கழிக்கு முந்திய மார்கழியில் ஒருநாள் வைகறைப் பொழுதில், எழுபத்தாறாண்டு நிரம்பிய எம் அன்னையார் வாயில் தெளித்துக் கோலமிடச் சென்றவிடத்து ஈரத்தில் வழுக்கி வீழ்ந்தனர். ஓடிச்சென்று பார்த்தபொழுது வலக்கால் சற்றே குறுகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்பெலும்பின் மூட்டருகே முறிவு ஏற்பட்டமைக்கு அஃது ஓர் அடையாளம் என்பதனை அன்று யாம் அறியோம். அறியாமையால் இருவர் இருபுறமும் பற்றித் தூக்கி நிறுத்த முயன்றோம். அவர் அலறிய அலறல் இன்னும் எம் செவியை விட்டு நீங்கவில்லை. அவ்வாறு வீழ்ந்தாரை அசைக்காமல் அவ்விடத்தே கிடத்தி, 108 ஊர்தியை அழைத்தலே முறையாகும்.

மூன்றாம் நாள் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்து முறிந்த பகுதியை நீக்கிச் செயற்கை மூட்டுப் பொருத்தினர். அறுவை குறைவின்றி முடிந்தது. மறுநாட் காலையிலேயே இயன்முறை மருத்துவம் பயின்ற இளநங்கை ஒருத்தி வந்து, எம் அன்னையாரைக் கட்டிலின் விளிம்பில் அமரச் செய்து, பின்னர் எழுந்து நிற்கச் செய்தல் வேண்டும் என்றாள். அன்னையார் வலியால் கண்ணீர் உகுத்தனர். யாம் வெகுண்டோம். "நேற்று அறுத்த உடம்பை இன்று நிறுத்துவதும் ஒரு மருத்துவமோ?" என்று கடிந்து அவளை அனுப்பிவிட்டோம். அப்பெண் ஒன்றும் கூறாது சென்றாள். அவளைத் தேடி மன்னிப்பு வேண்ட இன்றுவரை எமக்கு வாய்ப்பு நேர்ந்ததில்லை.

இல்லம் கொணர்ந்த பின்னர் எம் அன்பு கரைபுரண்டது. எம் தமக்கையார் ஊட்டினார். எம் மனைவியார் குளிப்பித்தார். யாம் கால் பிடித்தோம். ஆறு வாரம் அன்னையாரின் அடி தரையிற் படவில்லை. காண வந்த உறவினரெல்லாம், "பெற்றவளைத் தரையிற் கால் பாவாமற் காக்கின்றான், மகனென்றால் இவனன்றோ மகன்!" என்று புகழ்ந்தனர். அப்புகழ்ச்சி எமக்கு இனித்தது என்பதையும் மறையாது கூறுவோம். அவ்வாறு வாரத்திற்குள் முதுகின் கீழே படுக்கைப் புண் தோன்றியது. தொடை மெலிந்து சுள்ளியாயிற்று. எவற்றினும் கொடியது, அன்னையார் எதனையும் கேளாது விட்டமை. முன்னெல்லாம் அடுக்களையில் உப்பு மிகுந்தால் கூடத்திலிருந்தே அதட்டுபவர், இட்டதை உண்டு, திருப்பிய பக்கம் திரும்பிக் கிடந்தனர்.

உடம்பின் இயல்பு யாது? இயங்கும் உறுப்பையே உடல் பேணும், இயங்காததைக் கரைத்துவிடும். நோயற்ற முதியோரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்த அறிஞர், அப்பத்து நாளில் அவர்தம் கால்களின் தசை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்ததெனக் கண்டு 2007 இல் வெளியிட்டனர். நோயற்றோர்க்கே இந்நிலை எனில், எலும்பு முறிந்த முதியோரைக் குறித்துக் கூறவேண்டுவதில்லை. நெஞ்சிற் சளி தேங்கும்; காற்குழாய்களிற் குருதி உறையும்; மலம் கட்டும்; மனம் மயங்கும். இக்காரணத்தாலேயே இடுப்பு முறிவுக்கு அறுவை செய்தாரை அன்றோ மறுநாளோ எழுப்பி நிறுத்துதல் இன்று உலகெங்கணும் கைக்கொள்ளப்பெறும் நெறியாயிற்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் வீழ்ச்சியால் உயிர் துறக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

மாசித் திங்களில் எம்மிடம் பத்தாம் வகுப்பிற் பயின்ற மாணாக்கர் ஒருவர் எம்மைக் காண வந்தார். இயன்முறை மருத்துவம் கற்றுப் பணிபுரிபவர். வகுப்பில் யாப்பிலக்கணம் ஏறாமல் எம்மிடம் பலமுறை அடியுண்டவர். அன்று எமக்கு ஆசிரியராயினார். அவர் புண்ணைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எம்மை ஒருமுறை பார்த்தார். பின்னர் எம் அன்னையாரின் அருகமர்ந்து, "ஆச்சி, எழுந்து நடந்தால் முதலில் நீங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். ஆறு வாரமாக அக்கேள்வியை எம் இல்லத்தில் எவரும் கேட்டதில்லை. நெடுநேரம் பேசாதிருந்த அன்னையார், "ஆடித் தபசுக்குக் கோமதியம்மன் சந்நிதியில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், ராசா" என்றனர்.

அன்பர்களே! ஆடித் திங்களில் நம்மூர் மகளிர் பிராகாரத்தைப் பலமுறை வலம்வரும் ஆடிச்சுற்றினை நீவிர் அறிவீர். இளமையில் அதனைத் தவறாது செய்தவர் எம் அன்னையார். அவ்வொரு சொல்லே மருத்துவத்திற்கு வித்தாயிற்று.

இவ்விடத்தில் எம் தொழிலுக்குரிய ஒரு சொல்லாராய்ச்சி செய்ய இடந்தருக. ஆங்கிலத்தார் ஃபிசியோதெரபி என்பதனை நாம் இயன்முறை மருத்துவம் என்கின்றோம்; தசைக்கு வலிவும் மூட்டுக்கு அசைவும் தருவது அது. அதன் உடன்பிறந்ததாகிய ஆக்குபேஷனல் தெரபியைத் தொழில்வழி மருத்துவம் என்பர். இப்பெயரைக் கேட்டோர், வேலைக்குச் செல்வார்க்கே உரிய மருத்துவம் போலும் என்று மயங்குகின்றனர். இலக்கணத்தில் தொழிற்பெயர் என்பது யாது? உண்ணல், உடுத்தல், குளித்தல், நடத்தல் என்பனவன்றோ? அத்தொழிற்பெயர்களை ஒவ்வொன்றாக மீட்டுத் தருவதே அம்மருத்துவம். மூட்டு எத்துணைப் பாகை மடங்கிற்று என்பதோடு அஃது அமையாது. அம்மூட்டைக் கொண்டு இவர் தாமே புடைவை உடுத்தனரா என்று வினவும்.

நம் குலத்தார் இதனுள் ஒரு பெருமிதமும் கொள்ளலாம். 1917 இல் அமெரிக்காவில் இம்மருத்துவத்திற்கெனக் கழகம் கண்ட காலத்தும், முதல் உலகப் போரில் ஊறுபட்ட வீரரைத் தேற்றிய காலத்தும், அவர்கள் கையாண்ட கருவிகளுள் கைத்தறியும் ஒன்று. மிதிக்குங்கால் கணுக்காலும் முழங்காலும் இயங்கும். ஓடம் எறியுங்கால் தோள் இயங்கும். இழை அறுந்தால் முடியுங்கால் விரல் நுணுகும். நம் பாட்டனார் வயிற்றுக்குச் செய்த தொழிலை அவர்கள் மருந்தாகச் செய்வித்தனர். நம் நாட்டில் இக்கல்வியை முதற்கண் தொடங்கியவர், அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அம்மையார். 1950 இல் பம்பாயில் கே.ஈ.எம். மருத்துவமனையில் அப்பள்ளி தொடங்கிற்று.

தமிழ்நாட்டில் மேரி வர்கீஸ் அம்மையாரைக் கூறாது செல்லலாகாது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராயிருந்த அவர், 1954 இல் ஊர்தி விபத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

வேலூர் தொலைவென்பீராயின், நம் தென்காசி மாவட்டத்திலேயே ஆய்க்குடி உள்ளது. ஆய்க்குடி இராமகிருஷ்ணன் அவர்கள் 1970களின் நடுவில் பொறியியல் பயிலும் இளைஞராய், கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையிற் கீழே வீழ்ந்து, தண்டுவடம் ஊறுபட்டுக் கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்தார். அவர்க்குப் படைமருத்துவமனையில் மருத்துவம் செய்தவர் அமர்ஜித் சிங் சாஹல். ஊனமுற்றோர்க்கெனப் பன்னாட்டு அவை அறிவித்த 1981 ஆம் ஆண்டில், அம்மருத்துவர் பெயரால் அமர் சேவா சங்கத்தை இவர் தம் ஊரிலே தொடங்கினார். இன்று அங்கே இயன்முறை மருத்துவமும் தொழில்வழி மருத்துவமும் தண்டுவடம் ஊறுபட்டார்க்கு மறுவாழ்வுப் பயிற்சியும் நடைபெறுகின்றன. 2020 இல் அரசு பத்மஸ்ரீ வழங்கிற்று. அவர்தம் கைகால்கள் பழைய நிலைக்கு மீளவில்லை. ஆயினும் அவர் செய்த தொழிலைக் கைகால் நலமுற்ற நம்முள் எத்துணைப் பேர் செய்துள்ளோம்? குணமாதல் என்னும் சொல்லுக்குப் பொருள் உறுப்பு மீளல் மட்டுமன்று என்பதனை ஆய்க்குடிக்குச் சென்றபோதே யாம் தெளிந்தோம்.

எம் இல்லத்திற்கு மீள்வோம். மாணாக்கர் வாரம் மும்முறை வந்தார். முதலிற் படுத்தவாறே பாதத்தை மேலுங் கீழும் அசைத்தல். தொடைத் தசையை இறுக்கி எண்ணிவிடுதல். பின்னர்க் கட்டில் விளிம்பில் அமர்தல். முதல் நாள் அமர்ந்தவுடன் தலை சுழன்று சாய்ந்தனர். ஒன்பதாம் நாள் வாக்கர் என்னும் நான்குகாற் சட்டத்தைப் பற்றி எழுந்து, எண்ணிப் பத்து வரை நின்றனர். அன்று எம் தமக்கையார் அழுதார். அறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து முற்றம் என எல்லை விரிந்தது.

கைக்கோலுக்கு மாறியபொழுது யாம் அதனை நோயுற்ற காலின் பக்கத்திற் கொடுத்தோம்; மாணாக்கர் வாங்கி மறுகையிற் கொடுத்தார். வலக்கால் மெலிந்தார்க்கு இடக்கையிலேயே கோல் வேண்டும். படியேறுங்கால் நல்ல கால் முன்செல்லும். இறங்குங்கால் நோயுற்ற கால் முன்செல்லும். இவை சிறியனவெனினும், மாறிச் செய்தார் மீண்டும் வீழ்வர்.

இல்லமும் திருத்தம் பெற்றது. செயற்கை மூட்டுப் பெற்றார் முதற்சில திங்கள் குந்தியிருத்தலும், தாழ்ந்த இருக்கையில் அமர்தலும், காலின்மேற் காலிடுதலும் ஆகாவென மருத்துவர் விலக்கியிருந்தார். ஆகவே கழிவறையில் துளையிட்ட உயர்ந்த நாற்காலி இட்டோம். சுவரிற் கம்பி பதித்தோம். இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு வைத்தோம். அடுக்களையில் உயர்ந்த முக்காலியொன்று வந்தது. ஒருநாட் காலை அன்னையார் அதிலமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "குழம்பில் உப்பு மிகுதி" என்று அதட்டினர். அவ்வதட்டலினும் இனிய சொல்லை யாம் அவ்வாண்டிற் கேட்டதில்லை.

ஆடித் தபசும் வந்தது. கோலூன்றிப் பிராகாரத்தில் நடக்கத் தொடங்கினர். பாதிச் சுற்றில் கால் நடுங்கியது, கற்படியில் அமர்ந்துவிட்டனர். "போதும், அம்பாள் கணக்கில் வைத்துக்கொள்வாள்" என்று சிரித்தனர். அறுவைக்கு மறுநாளே நின்றிருந்தால் முழுச்சுற்றும் கூடியிருக்குமோ என்று யாம் மாணாக்கரை வினவினோம். "உறுதியாகச் சொல்ல முடியாது, ஐயா. ஆனால் அந்த ஆறு வாரம்..." என்றவர் மேலே கூறவில்லை.

நம் சங்கத்தார்க்கு விண்ணப்பம் ஒன்றுண்டு. ஆண்டுவிழாவில் கேடயங்களுக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியைக் கொண்டு, நான்கைந்து வாக்கர்களும் கைக்கோல்களும் கழிவறை நாற்காலிகளும் வாங்கி வைத்து, தேவைப்படும் குடும்பத்திற்கு இரவலாக ஈதல் வேண்டும். சில திங்களே வேண்டுமாதலின், ஒருவர் விட்டதை மற்றொருவர் கொள்ளலாம். 2021 இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இயன்முறை மருத்துவம் இல்லந்தேடி வருதலும் வகுக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திற் கேட்டறிந்து நம்மவர்க்கு உரைக்க இளைஞர் இருவரை நியமிக்கலாம். கட்டுப் போடுவோரிடம் செல்வாரைத் தடுக்க எமக்கு அதிகாரமில்லை; எக்ஸ்ரே எடாது இறுகக் கட்டிய கட்டினால் விரல் கறுத்து அழிந்ததுமுண்டு என்று மட்டும் எச்சரிக்கின்றோம்.

இறுதியாக ஒன்று. இம்மண்டபத்து வாயிலில் ஏழு படிகள் உள. பிடித்தேறக் கம்பி ஒன்றும் இல்லை. யாம் பேசுவதைக் கேட்க வேண்டுமென எம் அன்னையார் இன்று உடன் வந்தனர். படிக்கட்டைக் கண்டு மேலேற அஞ்சி, கீழே வேப்பமர நிழலில் நாற்காலியிட்டு அமர்ந்து, ஒலிபெருக்கியின் வழியே கேட்டுக்கொண்டிருக்கின்றனர். இருபுறமும் கம்பி பதிக்க ஆகும் செலவைக் கொல்லரிடம் கேட்டு வந்துள்ளோம். அக்குறிப்பைத் தலைவரவர்களிடம் இப்பொழுதே கொடுக்கின்றோம். அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.