அடைக்கலப் பொருள்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தகவல்கள் அடிக்கடி களவு போகின்ற இக்காலத்தில் நம் சொந்த விவரங்களைக் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். இது கணினி கற்றோர்க்கே உரிய பொருள் என எண்ணிப் பெரியோர் சிலர் சற்றே கண்ணயர முற்படலாம். அருள்கூர்ந்து பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றேன். கணினியைத் தொட்டறியாத முதியவருடைய பெயரும், பிறந்த நாளும், அடையாள அட்டை எண்ணும் இன்று எத்தனையோ கணினிகளில் இருக்கின்றன. வங்கியில் இருக்கின்றன, வைத்தியசாலையில் இருக்கின்றன, தொலைபேசி இணைப்பு வாங்கிய கடையிலும் இருக்கின்றன.

நம் முன்னோர் காணி உறுதியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினர். பிள்ளையின் சாதகத்தைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தாரல்லர். யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று விசாரித்து, குடும்பம் அறிந்தபின்னரே கொடுத்தனர். பிறந்த நாளும் நேரமும் பிறர் கையிற் போனால் மீளப் பெற முடியாத பொருள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இன்றோ, பரிசு தருகிறோம் என்று எவரோ அனுப்பும் படிவத்தில் அவற்றையெல்லாம் நாமே நிரப்பி அனுப்பி வைக்கின்றோம்.

பொருட் களவுக்கும் தகவற் களவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பசுவைக் களவாடினால் கட்டுத்தறி வெறுமையாய் நிற்கும்; காலையிலே கண்டுகொள்வோம். தகவலைக் களவாடினால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் பிரதி மாத்திரம் கள்வனிடம் போய்ச் சேரும். ஆகவே உடையவன் அறியாமலே உடைமை போய்விடுகின்றது. இதற்கு இரண்டு உதாரணங்களைக் கூற விரும்புகின்றேன்.

அமெரிக்காவில் ஈக்குவிபாக்ஸ் என்றொரு நிறுவனம் உண்டு. கடன் கேட்போர் நாணயமாகக் கட்டுவோரா என்று வங்கிகளுக்கு எடுத்துரைப்பது அதன் தொழில். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நிறுவனம் கையாண்ட மென்பொருள் ஒன்றில் ஓட்டை இருப்பதாக உலகறிய அறிவித்தல் வந்தது. அதனை அடைக்கும் திருத்தமும் கூடவே வெளியாயிற்று. பூட்டுப் பழுது என்று சொன்னார்கள். புதிய பூட்டையும் கையிற் கொடுத்தார்கள். ஆயினும் அந்நிறுவனத்தின் வாயில்களுள் ஒன்றில் அதனை மாட்டுவார் இல்லை. மே மாத நடுவில் உட்புகுந்த கள்வர் ஜூலை மாத இறுதிவரை உலாவினர். போக்குவரத்தைக் கண்காணிக்க வைத்த கருவியும், அதன் அத்தாட்சிப் பத்திரம் புதுப்பிக்கப்படாமையால், கண்ணிருந்தும் குருடாய்க் கிடந்தது. ஜூலை 29ஆம் நாள் அதனைப் புதுப்பித்த பின்னரே களவு வெளிப்பட்டது. மக்களுக்கு அறிவித்ததோ செப்ரெம்பர் 7ஆம் நாள். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களுடைய விவரங்கள் பறிபோயின. அவர்களுட் பெரும்பாலோர் தம் விவரங்களை அந்நிறுவனத்திடம் நேரே கொடுத்தவர்களும் அல்லர். வங்கிகளும் பிறரும் கொடுத்தவையே அவை. 2019ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 57 கோடியே 50 இலட்சம் டொலருக்குக் குறையாத தொகையைச் செலுத்த உடன்பட்டது. பணம் கொடுக்கலாம், பறிபோன பிறந்த நாளைத் திருப்பிக் கொடுக்க எவரால் இயலும்?

இரண்டாவது, ஃபின்லாந்து தேசத்தில் நிகழ்ந்தது. அங்கு வஸ்தாமோ என்னும் உளநல நிலையத்தில் பல்லாயிரவர் சிகிச்சை பெற்றனர். பெற்றோரிடமும் சொல்லாத துயரங்களை அவர்கள் சிகிச்சையாளரிடம் சொன்னார்கள். அவர் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் களவாடப்பட்டன. 2020ஆம் ஆண்டில் களவாடியவன் முதலில் நிலையத்திடம் பணம் கேட்டான். அது கிடையாதபோது நோயாளர் பலருக்கும் கடிதம் விடுத்து, இருநூறு யூரோ பெறுமதியான பணம் தராவிடின் உன் அந்தரங்கத்தை அம்பலமாக்குவேன் என்று மிரட்டினான். இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பொலிஸாரிடம் முறையிட்டனர். மறு ஆண்டில் நிலையம் முறிந்து மூடப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நீதிமன்றம் ஒருவனுக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. எனினும், வெளியே வந்த சொல்லை எந்தத் தீர்ப்பாலும் உள்ளே அனுப்ப முடியவில்லை.

இவை தூரதேசத்துக் கதைகள், நமக்கென்ன என்று கேட்பீர்களாயின், உங்கள் சட்டைப்பையில் உள்ள அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதலிரண்டு இலக்கங்களும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பன. பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 045 என்றிருந்தால் பெப்ரவரி 14ஆம் நாள் பிறந்த ஆண்மகன். 545 என்றிருந்தால் அதே நாளிற் பிறந்த பெண். பன்னிரண்டு இலக்கப் புதிய எண்ணில் பிறந்த ஆண்டு நான்கு இலக்கங்களாக முழுமையாகவே உள்ளது. எனவே அந்த எண்ணைக் கொடுப்பவர் பிறந்த நாளையும் சேர்த்துக் கொடுக்கின்றார். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று தொலைபேசியில் ஒருவன் சொல்லி, உங்கள் பெயரையும் பிறந்த நாளையும் பிழையின்றி ஒப்புவித்தால், அவன் வங்கி அலுவலனாகத்தான் இருப்பான் என்று நம்பிவிடாதீர்கள். உங்களை அறிந்தவன் வேறு. உங்களைப் பற்றி அறிந்தவன் வேறு.

இனி நாம் செய்யத்தக்கன யாவை? விவரம் கேட்கப்படும்போது, இது எதற்கு என்று கேட்கும் பழக்கத்தை மீண்டும் கைக்கொள்ள வேண்டும். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்க நேர்ந்தால், இன்ன காரியத்துக்காக இன்ன திகதியிற் கொடுத்தது என்று அதன் மேல் எழுதிக் கொடுத்தல் நன்று. வீட்டுக்கும் கடைக்கும் பெட்டகத்துக்கும் ஒரே திறப்பை வைத்துக்கொள்வார் உண்டோ? கடவுச்சொல்லும் அத்தன்மையதே. ஓரிடத்திற் களவு போன சொல்லைக் கள்வர் மற்றெல்லா இடங்களிலும் போட்டுப் பார்ப்பர். ஆகையால் இடத்துக்கொரு சொல் வேண்டும். அது நீண்டதாயும் இருத்தல் வேண்டும். இரண்டாம் பூட்டாக, கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்டபின்னரே திறக்கும் ஏற்பாட்டைச் செய்து வையுங்கள். அந்த எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். தொலைபேசி திருத்தம் வந்திருப்பதாக அறிவித்தால் நாளைக்கென ஒத்திப்போடாதீர்கள். ஈக்குவிபாக்ஸ் நிறுவனத்தார் மாட்டாது விட்ட பூட்டு நினைவில் இருக்கட்டும். அத்தனையும் மீறிக் களவு நேர்ந்தால், அன்றே வங்கிக்கு அறிவித்துக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். வெட்கத்தால் மறைப்பது கள்வனுக்கே உதவியாகும். இளைஞர்களே, வீட்டிலுள்ள முதியவர் ஏமாந்து போனால் அவரை ஏசாதீர்கள்; ஏச்சுக்கு அஞ்சியே பலர் காலந்தாழ்த்திச் சொல்கின்றனர்.

அன்பர்களே, தன்னைக் காப்பது பாதிக் கடமை. பிறர் நம்மிடம் ஒப்படைத்ததைக் காப்பதே மற்றைப் பாதி. அதனையே இன்று வற்புறுத்த விரும்புகின்றேன். மேற்சொன்ன இரண்டு களவுகளிலும் துன்புற்றோர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தவர் அல்லர். அவர்கள் நம்பிய இடத்தில், அல்லது அவர்களைக் கேளாமலே அவர்கள் விவரங்களைச் சேர்த்து வைத்த இடத்தில், காவல் தவறியது. நாமும் ஒவ்வொருவரும் அத்தகைய காவற்காரரே. நம் தொலைபேசியில் நூற்றுக்கணக்கானோர் எண்கள் உள்ளன. ஏதோவொரு செயலி அவற்றையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கும்போது, ஆம் என்று விரலால் அழுத்துகின்றோமே, அது யாருடைய பொருளை யாருக்குக் கொடுப்பது?

சங்கங்களின் நிலைமையையும் எண்ணிப் பாருங்கள். அங்கத்தவர் இடாப்பு இருக்கின்றது. நன்கொடையாளர் பட்டியல் இருக்கின்றது. உதவிப் பணம் பெறும் மாணவரின் பெற்றோர் விண்ணப்பங்களும் இருக்கின்றன. அவ்விண்ணப்பத்தில் ஒரு தாய் தன் வறுமையை எழுதுகின்றாள். அது தூண்டாத இலாச்சியிற் கிடக்கலாமா? பழைய தாள் என்று விற்கப்பட்டுக் கச்சான் சுருளாய்ச் சந்தைக்கு வரலாமா? உதவி பெறும் பிள்ளையின் படத்தையும் பெயரையும் ஊரறிய வெளியிடலாமா? கொடுத்த உதவியினும் அந்த வெட்கம் பெரிதாய்ப் போகுமன்றோ!

நம் நாட்டிலே தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. குறித்த தேவைக்கே விவரம் சேர்த்தல், தேவைக்கு மிஞ்சிக் கேளாமை, தேவை முடிந்தபின் வைத்திராமை, வைத்திருக்கும்வரை காத்தல் ஆகியவை அதன் அடிப்படைகளுட் சில. சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதினும், இவற்றை அறமெனக் கொண்டு செய்வது நமக்கு அழகு.

ஏனெனில் தமிழர் இதற்கோர் அருமையான சொல்லை வைத்திருக்கின்றனர்: அடைக்கலம். சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். பின்னர் நேர்ந்த கேட்டுக்கு மாதரி காரணமல்லள், பிழை அரசனுடையது. ஆயினும் அடைக்கலப் பொருளை இழந்தேனே என்று அவள் எரியிற் புகுந்தாள் என அந்நூல் கூறுகின்றது. நம்மை எவரும் எரியிற் புகச் சொல்லவில்லை; இலாச்சியைப் பூட்டத்தான் சொல்கின்றார்கள்!

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டிற் சங்கத்தின் இடாப்புகளையும் கணினியையும் ஒரு நாள் அமர்ந்து ஆராயுங்கள். வேண்டாதவற்றைக் கிழித்து எரியுங்கள். கணினியில் உள்ளவற்றை முற்றாக அழியுங்கள். வேண்டியவற்றைப் பூட்டி, திறப்பு யாரிடம் என்பதை எழுதி வையுங்கள். புதிய விண்ணப்பப் படிவத்தில் அவசியமில்லாத கேள்விகளை நீக்குங்கள். கேளாத விவரம் களவு போவதில்லை. பெரியோர்கள் அருகிருந்து வழிகாட்ட வேண்டும். எதைச் சபையிற் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்ற பக்குவம் அவர்களிடமே உண்டு.