கோட்டைச் சுவரும் குடும்பமும்



குடும்பத்திற்கு நிலைத்த வடிவம் ஒன்றில்லை என்பது பின்நவீனத்துவச் சமூகவியலாரின் கூற்று. அமெரிக்காவின் ஜூடித் ஸ்டேசி 1990இல் இதனை விரிவாக எழுதினார். சான்று தேடிக் கொற்கையிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பொருநைக் கரையிலேயே ஸ்ரீவைகுண்டம் இருக்கிறது. அங்கே மண்கோட்டைக்குள் வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார் தம்முள்ளேயே மணம் கொண்டனர். பெண்கள் சுவரைத் தாண்டாமலே வாழ்ந்து மடிந்தனர். (ஆடவர் தாண்டலாம், கற்பு அவர்களைக் கட்டவில்லை போலும்!) அச்சுவர் காத்தது பெண்ணை மட்டுமன்று, சாதியையும் நிலத்தையுமே என்பதைக் கமலா கணேஷ் 1993இல் வெளியிட்ட நூல் உணர்த்துகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வாழ்க்கை கலைந்தது. ஆயினும், சுவர் வீழ்ந்ததாலேயே உறவுகள் விடுதலை பெற்றன என்று எவ்வாறு கூறுவது? சாதிக்குள்ளேயே வரன் தேடும் மணவிளம்பரங்களுக்கு மண்சுவர் தேவைப்படுவதில்லையே!