ஸ்டார் வார்ஸ் ஆன்லைனில் ஆடப் போகிறவர்களுக்கு

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஒளிவாளை ஒரு முறையாவது கையில் பிடித்துச் சுழற்ற வேண்டும் என்ற ஆசை இருக்கும். பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 2011 டிசம்பர் 20-ல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ அந்த ஆசையைத் தீர்த்துவைக்கிற ஆன்லைன் விளையாட்டு. 2012 நவம்பரிலேயே காசில்லாமலும் ஆட வழி செய்துவிட்டார்கள். புதிதாக நுழைபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: சீக்கிரமாக லெவல் ஏறுவது எப்படி? இந்த விளையாட்டில் அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவைப்பது நல்லது.

காரணம், இதன் பலமே கதை. படங்களில் வரும் சம்பவங்களுக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இது நடக்கிறது. லூக்கும் இல்லை, டார்த் வேடரும் இல்லை. குடியரசுப் பக்கம் நான்கு, சித் பேரரசுப் பக்கம் நான்கு என மொத்தம் எட்டுக் கதைகள். ஜெடாய் வீரருக்கு ஒரு கதை, கடத்தல்காரருக்கு இன்னொரு கதை. குரல் கொடுத்துப் பதிவுசெய்த வசனங்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். கின்னஸ் புத்தகத்திலும் அதற்கு இடம் கிடைத்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாறுபவர்கள் பேரரசின் உளவாளி பாத்திரத்தை எடுத்துப் பார்க்கலாம். ஒளிவாள் கிடையாது. ஹட்டா என்ற சேறும் சகதியுமான கிரகத்தில், ஒரு கொள்ளைக்காரனின் பெயரைச் சூட்டிக்கொண்டு தாதாவின் மாளிகைக்குள் புக வேண்டும். பேச்சில் பிசகினால் வேஷம் கலைந்துவிடும் என்ற பதற்றத்தோடுதான் ஒவ்வொரு உரையாடலும் நகரும். ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டி வசனங்களைத் தாண்டிப் போகிறவருக்கு இதெல்லாம் வெறும் ஓட்டமும் சுடுவதுமாகத்தான் தெரியும்.

கூட்டாக ஆடும்போதும் கதை விடாது. ‘பிளாக் டாலன்’ என்பது பேரரசுப் பக்கத்தில் புதியவர்களுக்கு வரும் முதல் கூட்டுப் பணி. குடியரசின் கப்பல் ஒன்றைத் துரத்திப் பிடிக்கும்படி மேலிடத்து உத்தரவு. வீணாக எல்லோரும் சாக வேண்டுமா என்று கேப்டன் மறுக்கிறார். அவரைக் கொல்வதா, மிரட்டிப் பணிய வைப்பதா? குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் பதிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உடனே பகடை உருள்கிறது. யாருக்குப் பெரிய எண் விழுகிறதோ அவருடைய பதிலே குழுவின் பதில். தான் காப்பாற்ற நினைத்த கேப்டனை இன்னொருவரின் பகடை கொன்றுவிடலாம். தனியாக ஆடும் விளையாட்டில் இந்தத் திக்திக் கிடைக்காது.

குழுவில் சேர்ந்தால் பொறுப்பும் வரும். அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்பவர் டேங்க். காயத்தை ஆற்றுபவர் ஹீலர். எதிரியைத் தாக்கி வீழ்த்துபவர்கள் டிபிஎஸ். புதியவர்கள் டிபிஎஸ்ஸில் தொடங்கினால் தடுமாற்றம் குறையும். எதிரி விழுந்ததும் கிடைக்கும் பொருளுக்கு ‘நீட்’, ‘கிரீட்’ என்று பட்டன்கள் வரும். தன் கேரக்டருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் ‘நீட்’டை அழுத்துவதுதான் அங்கே மரியாதை. முதல் முறை வருகிறேன் என்று சாட்டில் ஒரு வரி போட்டுவிட்டால், வழி சொல்லித்தர யாராவது முன்வருவார்கள்.

அடுத்து, பணம். எட்டுக் கதைகளின் முதல் பாகத்தையும் முழுவதுமாக இலவசமாகவே முடிக்கலாம். 60-வது லெவல் வரை கட்டணம் தேவையில்லை. மாதச் சந்தா 14.99 டாலர். ஒரு மாதம் கட்டினாலே அதுவரை வந்த கூடுதல் பாகங்கள் திறந்துகொள்ளும். சந்தாவை நிறுத்தினாலும் அவை பறிபோகாது. ஆகவே ஒரு கதையை இலவசமாக முடித்துவிட்டு, பிடித்திருந்தால் மட்டும் கட்டுவது புத்திசாலித்தனம். பளபளக்கும் உடைகளும் வாகனங்களும் விற்கிற ‘கார்டெல் மார்க்கெட்’ பக்கம் முதல் மாதம் போகவே வேண்டாம்.

ஏன் இந்த எச்சரிக்கை? இதே பட வரிசையை வைத்து 2003-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ விளையாட்டின் கதையைக் கேளுங்கள். சண்டையே போடாமல் மதுவிடுதியில் ஆடிப் பாடி, களைத்து வரும் வீரர்களின் சோர்வைப் போக்குவதையே தொழிலாக வைத்துக்கொள்ள அதில் இடம் இருந்தது. 2005 நவம்பரில் விதிகளை அடியோடு மாற்றினார்கள். முப்பதுக்கு மேல் இருந்த தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. பழைய ஆட்கள் கொதித்துப்போனார்கள். 2011 டிசம்பர் 15-ல் சர்வர்களையே மூடிவிட்டார்கள். இன்னொரு பட விளையாட்டான ‘தி மேட்ரிக்ஸ் ஆன்லைன்’ ஐந்து ஆண்டுகள்கூட முழுதாய்த் தாக்குப்பிடிக்காமல் 2009-ல் அடங்கியது. சர்வர் நின்றால், காசு கொடுத்து வாங்கிய எல்லாமும் அதோடு போய்விடும். ஆனால் சேர்ந்து ஆடிய நட்பு பலருக்குத் தொடர்ந்தது. கேலக்ஸீஸ் ரசிகர்கள் ஒன்றுகூடி அந்தப் பழைய உலகத்தை எமுலேட்டர் (பழைய சர்வரைப் போலவே இயங்கும் மென்பொருள்) வழியாக மீண்டும் எழுப்பியதற்கு அந்தப் பிணைப்பே காரணம்.

எனவே, லெவலுக்கு முன்னால் ஒரு நல்ல கில்டை, அதாவது சேர்ந்து ஆடும் நிரந்தரக் குழுவைத் தேடுங்கள். சேர்வதற்கு முன் அவர்கள் கூடி ஆடும் நேரம் இந்திய நேரத்தில் எத்தனை மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மாலை இங்கே நள்ளிரவு. நிஜப் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு எதையும் சாட்டில் கொடுக்க வேண்டாம். கணக்கைத் தொடங்கிய அன்றே, செல்போனில் ஓடும் ‘செக்யூரிட்டி கீ’ வசதியையும் இணைத்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.